கை விடுப்பு

முனிரத்தினத்தின் வலது மணிக்கட்டில் முதல் விரல் முளைத்த அன்று கெம்பசந்திரத்தில் தண்ணீர் வரும் நாள். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் மட்டும் வரும் தண்ணீர் என்பதால் அவன் மனைவி மாதம்மாள் தெருக்குழாயடியில் ஏழாவது குடத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மகள் அமராவதி ஓடிவந்து, "மா, அப்பாவுக்கு ஒரு விரல் வந்திருக்கு, சுண்டுவிரல்னு நெனைக்கிறேன்," என்று சொன்னபோது வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் ஒருவரும் குடத்தை விட்டு நகரவில்லை, மாதம்மாளும் நகரவில்லை. "இன்னும் ரெண்டு குடம் இருக்கு. புடிச்சிட்டு வர்றேன், அது எங்கயும் போயிடாது," என்றாள்.

கெம்பசந்திரம் ஓசூருக்குத் தெற்கே, ஒரு பக்கம் மல்பெரித் தோட்டங்களும் மறுபக்கம் கார்களுக்கும் லாரிகளுக்கும் தகடு அடித்துக் கொடுக்கும் பட்டறைகளுமாக, நடுவில் நசுங்கிக் கிடந்த ஊர். பிரஸ் மெஷின்கள் விழுந்து விழுந்து எழும் சத்தத்தில்தான் அங்கே பிறந்த பிள்ளைகள் தூங்கப் பழகின, சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழுதன. தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், மெஷின் இறங்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் ஆயிரத்து முந்நூறு தடவை இந்த மூன்றும் வரிசையாக நடக்கும், என்றைக்காவது ஒரு தடவை வரிசை மாறி நடக்கும். அதனால் அந்த ஊரில் பத்து விரலும் முழுதாக உள்ள ஆண்கள் கொஞ்சம் பேர்தான், கல்யாணப் பந்தியில் இடது கையால் சாப்பிடுகிறவனை யாரும் முகம் சுளித்துப் பார்ப்பதில்லை, சந்தையில் விரலைக் காட்டி விலை சொல்லுகிறவர்களிடம் வாயாலும் ஒரு தடவை கேட்டுக்கொள்வது அங்கே மரியாதை.

முனிரத்தினத்துக்கு விரல் என்று போகாமல் மணிக்கட்டோடு போயிற்று. அப்போது அமராவதிக்கு ஏழு வயது. அதன் பிறகுதான் பட்டறைகள் எல்லாவற்றிலும் மெஷினுக்கு முன்னால் ஒரு கண் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கண் என்று தொழிலாளிகள் சொன்னது ஒரு சென்சார். கை உள்ளே இருப்பதை அது பார்த்துவிட்டால் மெஷின் இறங்காமல் அந்தரத்திலேயே நின்றுவிடும்.

புருஷன் வீட்டோடு ஆனபின், பட்டுநூல் எடுக்கும் இடத்தில் கூடு வேகவைத்துக்கொண்டிருந்த மாதம்மாள் மலையடிவாரத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே நாகர்கோவிலிலிருந்து வந்த எஸ்தர் என்ற விஞ்ஞானி கண்ணாடித் தொட்டிகளில் இருநூறு தவளைகள் வைத்திருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்தத் தவளைகளுக்கு நாக்கு கிடையாது, ஆட்டு ஈரலை நறுக்கிப் போட்டால் இரண்டு முன்கையாலும் அள்ளி அள்ளி வாய்க்குள் திணித்துக்கொள்ளும். இடது கையால் சோற்றைப் பிசையப் புருஷன் பழகிக்கொண்டிருந்த அந்த முதல் மாதத்தில் ஈரல் போடும் நேரம் மட்டும் மாதம்மாள் தொட்டிப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"தலைப்பிரட்டையா இருக்கும்போது கால் போச்சுன்னா திரும்ப வளர்ந்திடும், மாதம்மா," என்று எஸ்தர் ஒரு நாள் விளக்கினார். "பெரிசானதுக்கு அப்புறம் அதுக்கு அந்த வித்தை மறந்துபோகுது. வெட்டின இடத்தில தழும்பு மூடிக்கும், இல்லேன்னா உள்ள எலும்பில்லாத ஒரு முள்ளு மாதிரி நீளும், அவ்வளவுதான். நாம அதுக்கு மறந்ததை ஞாபகப்படுத்தப் பாக்கிறோம்."

ஞாபகப்படுத்துவது பட்டு வைத்துத்தான். பட்டுக்கூட்டைச் சலவைச் சோடாத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசை போக அலசி, மிஞ்சிய நாரைக் கரைத்து வடித்துக் கூழாக்க வேண்டும். அந்தக் கூழில் எஸ்தர் ஐந்து மருந்துகளைச் சொட்டு சொட்டாக விடுவார். மயக்க மருந்து கொடுத்துக் காலை எடுத்த தவளைக்கு, வெட்டு ஆறுவதற்குள், சுண்டுவிரல் நுனி அளவு சிலிக்கான் குல்லாவில் அந்தக் கூழை நிரப்பி மாட்டிவிட வேண்டும். ஒரு நாள், இருபத்துநாலு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். அதற்கப்புறம் பதினெட்டு மாதம் காத்திருக்க வேண்டும். குல்லா போட்ட தவளைகளுக்குச் சின்னதாகக் கணுக்கால் வந்தது, சிலதற்கு விரல் மாதிரி இரண்டு நுனி வந்தது, அதற்கு மேல் வரவில்லை. குல்லா போடாதவற்றுக்கு முள் வந்தது. கூழ் பதம் பார்ப்பதில் மாதம்மாள் கைக்கு மிஞ்சி அந்தக் கட்டடத்தில் ஆளில்லை என்று எஸ்தரே சொல்லுவார்.

ஐந்தாறு வருஷம் கழித்து முனிரத்தினத்தின் மொட்டைக் கையில் எலும்பு முனை உறுத்திப் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் மறுபடி கொஞ்சம் வெட்டித் தைத்து அனுப்பியபோது, மாதம்மாள் யாரையும் கேட்கவில்லை. டீ டம்ளரை அச்சாக வைத்து ஒரு குல்லா வார்த்தாள், கூழை டிபன் பாக்ஸில் கொண்டுவந்தாள், புருஷன் கையில் மாட்டினாள், மறுநாள் அதே நேரத்துக்குக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு, தண்ணீர் வரும் அந்த நாளில், சுண்டுவிரல் வந்தது.

ஆடியில் மோதிரவிரல் வந்தது, ஐப்பசியில் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே வாரத்தில் வந்தன, பொங்கல் கழிந்து கட்டைவிரல் வந்தது. விரல்களுக்குப் பின்னால், பாய் விரிகிறது போல மெதுவாக உள்ளங்கை விரிந்தது. எஸ்தர் வந்து மாதத்துக்கு ஒரு தடவை அளவெடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். தனக்குத் தெரியாமல் கூழை எடுத்ததற்கு அவர் மாதம்மாளைத் திட்டவில்லை, அந்தக் கையை உள்ளங்கையில் வாங்கி வெகு நேரம் வைத்திருந்துவிட்டு, "தவளைக்கே சரியா வரலையே," என்று மட்டும் சொன்னார்.

புதுக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடு தெரியவில்லை, பொத்தான் போடத் தெரியவில்லை, தலை சொறியப் போனால் காதைச் சொறிந்தது. அமராவதி அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவை எதிரில் உட்காரவைத்து அந்தக் கையைத் தன் கையால் பிடித்து அரிசியைப் பரப்பி எழுதப் பழக்கினாள். நாற்பது வயதுக்காரனின் தோளிலிருந்து தொங்கிய அந்தக் கை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தில் முதலில் எழுதியது அவள் பெயரைத்தான். முனிரத்தினம் அதைக் கலைக்க மனமில்லாமல் அன்று ராத்திரிக்குச் சோறு வடிக்க வேறு அரிசி அளந்து போடச் சொன்னான்.

அதன் பிறகு தெரு வந்தது, தெருவுக்குப் பின்னால் ஊர் வந்தது, ஊருக்குப் பின்னால் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். பை நிறையப் பட்டுக்கூடு கொண்டுவந்தார்கள். மாதம்மாள் வீட்டு அடுப்பில் அண்டா இறங்கவே இல்லை. பழைய காயக்காரர்கள் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு நுனியை நூலளவு சீவிக்கொண்டு நேராக அவள் வாசலுக்கு வந்தார்கள். எஸ்தர் கொடுத்த மருந்து தீர்ந்துபோன பிறகு வெறும் கூழையே வைத்தாள், அதற்கும் முளைத்தது. தவளைகளுக்கு மட்டும் முளைக்கவில்லை. அது ஏன் என்று எஸ்தரைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஊருக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் நிறைய இருந்தன.

புதுக் கைகளில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மெஷினில் விரலை அழுத்தினால் அது, விரலை வைக்கவும், விரலை வைக்கவும் என்று திரும்பத் திரும்பச் சொன்னதே தவிர அரிசி போட விடவில்லை, கடைசியில் கடைக்காரர் புதுக் கைக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு நோட்டுப் போட்டார். மாற்றுத்திறனாளி அட்டையை அதிகாரிகள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், பஸ்ஸில் அந்த இருக்கையில் உட்கார்ந்தவனைக் கண்டக்டர் கையைக் காட்டச் சொல்லி எழுப்பிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்குச் சொந்தக் கையா முளைச்ச கையா என்று கேட்டார்கள், முதலில் கூச்சத்தோடு கேட்டார்கள், பிறகு ஜாதகம் கேட்கிற மாதிரி கேட்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி கை முழுதாக வந்தவர்களுக்கு மஞ்சள் பூசிச் சர்க்கரைப் பொங்கலில் முதல் கவளம் எடுக்கவைக்கும் ஒரு சடங்கை உண்டாக்கினார், இரண்டு வருஷத்தில் அது காலம் காலமாக நடந்துவந்த சடங்கு போல ஆகிவிட்டது, பெண்கள் அதற்கென்று ஒரு பாட்டுக்கூட வைத்திருந்தார்கள்.

பட்டறைக்கும் இது தெரிந்தது. முனிரத்தினம் முன்பு வேலை பார்த்த பட்டறையின் சூப்பர்வைசர் கஜபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. முனிரத்தினத்தின் கை போன அன்று துண்டில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். புதுக் கையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "மாதம்மாக்கா, நீங்க இந்த ஊருக்கு விளக்கேத்தி வெச்சிட்டீங்க," என்றார். முனிரத்தினத்தைப் பார்த்து, "நாளையிலிருந்து வந்திரு. உன் மெஷின் அப்படியேதான் இருக்கு," என்றார்.

மெஷின் அப்படியே இருக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குள் கண்களைக் கழற்றிவிட்டார்கள். கண் இருந்தால் ஷிஃப்டுக்குத் தொள்ளாயிரம் பீஸ், கண் இல்லாவிட்டால் ஆயிரத்து முந்நூறு. கழற்றுவதற்கு முன்னால் கஜபதி எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டார், யாரும் மறுத்துப் பேசவில்லை, போனால் வளரப்போகிற ஒன்றுக்காக எதற்கு மெஷின் நின்று நின்று இறங்க வேண்டும் என்றுதான் அவர்களுக்கும் தோன்றியது. லீவு ஃபாரத்தில் காய்ச்சல், துக்கம், கல்யாணம் என்று இருந்த இடத்துக்குக் கீழே கை விடுப்பு என்று புதிதாக ஒரு வரி அச்சடித்தார்கள். பதினெட்டு மாதம், சம்பளம் கிடையாது, இடம் மட்டும் காலியாக இருக்கும். அந்த வரியைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டது. முன்பெல்லாம் கை போனால் இடமும் சேர்ந்து போகும்.

இரண்டாவது தடவை முனிரத்தினத்தின் கை போனபோது மாதம்மாள் அழவில்லை. செய்தி கொண்டுவந்தவனுக்கு மோர் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு அண்டாவைக் கழுவி அடுப்பில் வைத்தாள். அந்த முறையும் சுண்டுவிரல் முதலில் வந்தது, வரிசை தப்பாமல் மற்றவையும் வந்தன. ஆனால் பதினெட்டு மாதம் முடிந்தும் அந்தக் கை பத்து வயதுப் பையனின் கை அளவோடு நின்றுவிட்டது. இரண்டாம் தடவைக்காரர்கள் எல்லாருக்குமே அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. அவர்களைச் சின்ன வாஷர் அடிக்கும் மெஷின்களுக்கு மாற்றினார்கள். சின்னக் கைதான் அந்த வேலைக்குத் தோது என்று கஜபதி சொன்னார். தெருவில் நடக்கும்போது முனிரத்தினம் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வான். முழுசாக உள்ளே போய்விடும்.

அமராவதி பிளஸ் டூ முடித்த வருஷம் அது. நர்சிங் படிக்க இடம் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள், கிடைக்கவில்லை. பட்டறையில் பெண்பிள்ளைகளையும் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள், அவளோடு படித்த ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள், நீல நிற யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனி வேனில் சிரித்துக்கொண்டு போனார்கள். அந்த வாசற்படியை நீ மிதிக்கக் கூடாது என்று மகளுக்கு ஏழு வயதிலிருந்து சொல்லிவந்தவள் மாதம்மாள்தான்.

"ஒரு வருஷம் போறேம்மா. அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடறேன்," என்றாள் அமராவதி.

முனிரத்தினம் மனைவியைப் பார்த்தான். மாதம்மாள் தவளைகளுக்காக ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தாள், யாரோ வந்து வாசலில் கூட்டுப் பையை வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள், அடுப்பில் வேறு கொதி வந்துகொண்டிருந்தது. நறுக்குவதை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், "போனா போகட்டும். ஏதாவது ஆனாலும் கைதானே போகும்," என்றாள்.

அமராவதி வேலைக்குச் சேர்ந்தது ஆனியில். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரியும் கடலையும் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். பூஜை முடிந்து நாலாம் நாள் காலை ஷிஃப்டில், சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால், அவள் வலது கை போயிற்று.

மாதம்மாள் அந்தக் குல்லாவை வார்த்த மாதிரி வேறு எதையும் வார்த்ததில்லை. கூட்டை அவளே தோட்டத்துக்குப் போய்த் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள், மூன்று தண்ணீர் மாற்றி அலசினாள், எஸ்தரிடம் கெஞ்சி ஐந்து மருந்தும் வாங்கி அளவு தப்பாமல் விட்டாள். மகள் கையில் மாட்டிவிட்டு இருபத்துநாலு மணி நேரமும் கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அமராவதி தாங்கிக்கொண்டாள். தோழிகள் பார்க்க வந்தபோது, "இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு எனக்கு லீவு," என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

எட்டாம் மாதம் ஒரு நுனி வெளியே வந்தது. அன்று முனிரத்தினம் தன் சின்னக் கையாலேயே தெருவில் எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்தான். மறுநாள் மாதம்மாள் மகள் கையை மடியில் வைத்து அந்த நுனியைத் தொட்டுப் பார்த்தாள். நகம் இல்லை. கணு இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் காது மடலைப் போல வளைந்தது. பதினொரு வருஷமாகத் தினமும் காலையில் தொட்டியில் பார்த்துவந்த ஒன்று அது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் துணியைப் பிரிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாள், திறந்து பார்ப்பாள், மறுபடி சுற்றுவாள்.

பதின்மூன்றாம் மாதம் எஸ்தர் வந்து பார்த்தார். அளவெடுக்கும் கருவியைப் பையிலிருந்து எடுத்தவர், அமராவதியின் கையைப் பார்த்ததும் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். மாதம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போய் மல்பெரி வேலியோரம் நின்று பேசினார்.

"ஆயுத பூஜைக்கு அப்புறம் குல்லா போட்ட முப்பத்தோரு பேரையும் பாத்திட்டேன். எல்லாருக்கும் முள்ளுதான், மாதம்மா."

"கூழு பதம் தப்பிடுச்சா மேடம்? நாந்தான் ஏதாவது விட்டுட்டனா?"

"நீங்க ஒண்ணும் விடல. அந்த அஞ்சு வருஷம் ஏன் வளர்ந்துதுன்னு எனக்குத் தெரியாது. இப்ப ஏன் நின்னுதுன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? வளர்ந்திருக்கவே கூடாதது அது. அன்னிக்கே நான் இதை ஊர்ல சத்தமாச் சொல்லியிருக்கணும். சொல்லாம அளவெடுத்துக்கிட்டு இருந்தேன்."

"இன்னும் அஞ்சு மாசம் இருக்கே மேடம்."

அந்த வருஷக் கடைசியில் ஆராய்ச்சிக்கூடத்தை மூடினார்கள், எஸ்தர் ஊருக்குத் திரும்பிப் போனார், தவளைகளை ஒரு வேன் வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

முப்பத்தோரு வீட்டிலும் துணி சுற்றியிருந்தார்கள். எப்படி இருக்குது என்று கேட்டால், வளருது, கொஞ்சம் மெதுவா வளருது என்றார்கள். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் யாராவது காலை ஷிஃப்டுக்குப் போயிருப்பார்கள். பூசாரி சடங்கை நிறுத்தவில்லை. பழைய கைக்காரர்களுக்கே மறுபடி மறுபடி மஞ்சள் பூசினார். மாதம்மாள் வாசலுக்குக் கூடு கொண்டுவருகிறவர்களிடம் இனிமேல் முளைக்காது என்று அவள் சொன்னால் கேட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, புதிதாகக் கூழ் காய்ச்ச ஆரம்பித்திருந்த மேலத்தெருக்காரி வீட்டுக்குப் போனார்கள். மகளுக்கு வரலேன்னதும் மத்தவங்களுக்கும் வரக்கூடாதுன்னு நெனைக்கிறா என்று ஒரு பேச்சு கிளம்பியது. மாதம்மாள் காதுக்கும் அது வந்தது.

பதினெட்டாம் மாதம் முடிந்த அன்று அமராவதி தானே துணியைப் பிரித்தாள். முள் நாலு விரற்கடை நீளம் இருந்தது, மெழுகு நிறத்தில், நுனி கூம்பி. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அதைப் பார்த்தவள், ஏதோ கடையில் வாங்கிவந்த சாமானைப் பற்றிச் சொல்கிற மாதிரி, "இது இவ்வளவுதாம்மா," என்றாள்.

மாதம்மாளுக்குள் பதினெட்டு மாதமாகக் கிடந்தது அப்போது வெளியே வந்தது. "கைதானே போகும்னு நாந்தாண்டி சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்."

அமராவதி பிரித்த துணியை ஓரமாக வைத்தாள். "நீ சொன்னியா? எனக்கு ஞாபகமில்ல. நீ சொல்லாட்டியும் போயிருப்பேம்மா. எல்லாரும்தான போனாங்க."

அந்த வார்த்தை தன் சுமையை இறக்கிவிடும் என்று மாதம்மாள் ஒரு கணம் நினைத்தாள். இறக்கிவிடவில்லை. மகள் கேட்டே இருக்காத ஒரு வார்த்தையை ஒன்றரை வருஷம் அவள் மட்டும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள், இனிமேலும் அவள் மட்டும்தான் தூக்க வேண்டும், அதில் பாதியை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆளில்லை.

கை விடுப்பு முடிந்துவிட்டது, வேலைக்கு வரவும் என்று பட்டறையிலிருந்து கடிதம் வந்தது. மாதம்மாள் அதை எடுத்துக்கொண்டு கஜபதியைப் பார்க்கப் போனாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார்.

"அமராவதிக்கு நான் வேற வேலை பாத்து வெச்சிருக்கேங்க்கா. இடது கையால பட்டன் அமுக்கற வேலை. கவலைப்படாதீங்க."

"அவ வேலைக்காக வரல சார். கண்ணை மறுபடி மாட்டுங்க."

கஜபதி டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "கண்ணு மாட்டற இடத்தில இப்ப இன்னொரு மெஷின் நிக்குது. ஆயிரத்து முந்நூறுன்னு ஆர்டர் எடுத்து அஞ்சு வருஷமாச்சு, இனிமே தொள்ளாயிரம்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? சொன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும். ஊரே நாளைக்கு உங்க வாசல்ல வந்து நிக்கும்."

"இப்பல்லாம் முளைக்கறது இல்ல சார்."

"ஒண்ணு ரெண்டு பேருக்கு அப்படி ஆகும்க்கா."

"முப்பத்தோரு பேரு."

"யாரும் என்கிட்ட வந்து சொல்லலியே," என்றார் கஜபதி. அவர் பொய் சொல்லவில்லை. யாரும் சொல்லியிருக்கவில்லை. மேஜைக்கு மேல் இருந்த அவர் இடது கையின் இரண்டு விரல்களில் ரேகை இல்லாததை மாதம்மாள் அன்றுதான் கவனித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்னால் மாதம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போனாள். முனிரத்தினம் வரவில்லை, அவனுக்கு அதே ஷிஃப்ட், அவன் உள்ளே போக வேண்டியவன். கேட்டுக்கு எதிரில் டீக்கடை ஓரம் அவள் மகளை நிறுத்தித் துணியைப் பிரிக்கச் சொன்னாள். அமராவதி மறுக்காமல் பல்லால் முடிச்சை அவிழ்த்தாள், கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். வேன்கள் வந்தன, சைக்கிள்கள் வந்தன, நீல யூனிஃபார்ம் போட்ட பெண்பிள்ளைகள் கும்பலாக இறங்கினார்கள்.

"பாருங்க, இதுதான் வரும்," என்றாள் மாதம்மாள். "இனிமே கை வராது, இதுதான் வரும். நல்லாப் பாத்துட்டு உள்ள போங்க."

எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார். அமராவதியோடு படித்த லட்சுமிதேவி கிட்ட வந்து முள்ளை மெதுவாகத் தொட்டு, "இன்னும் நாள் இருக்குடி, வளரும்," என்றாள், சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தபடி கேட்டுக்குள் போனாள். முனிரத்தினம் கூட்டத்தின் கடைசியில் வந்தான். மனைவியையும் மகளையும் தாண்டும்போது சட்டைப்பையிலிருந்து சின்னக் கையை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சருகில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான், சங்கு ஊதியதும் உள்ளே போனான். கேட்டைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மெஷின்கள் விழ ஆரம்பித்தன, முதலில் ஒன்று, பிறகு எல்லாம்.

"நாளைக்கும் வரணுமாம்மா?" என்று அமராவதி கேட்டாள்.

"வரணும்."

வந்தார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் பேர் நின்று பார்த்தார்கள், மூன்றாம் நாள் நடந்துகொண்டே பார்த்தார்கள். வாரக் கடைசியில் பெண்பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கும்போதே, "சாப்பிட்டியாடி அமரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வாட்ச்மேன் தாயும் மகளும் கேட்டை மறைக்காமல் நிற்பதற்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். மறுவாரம் திங்கட்கிழமை அவர்கள் வந்தபோது, நின்று நின்று கால் வலிக்கும் என்று டீக்கடைக்காரர் அந்தக் கோட்டுக்கு உள்ளே இரண்டு ஸ்டூல் போட்டுவைத்திருந்தார்.